முன் சீட்டுக்கு இரண்டு பேர்

கிளிஃபர்ட் அன்று காலை தன் சைக்கிளைத் துடைத்து மினுக்கிக்கொண்டு வந்த கோலத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் பப்பில் மதியச் சாப்பாடு சாப்பிட வரவில்லை என்று. அடகு வைத்த பொருளை மீட்கப் போகிறவன்தான் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான்.

எங்கள் தோர்ன்ஷா சைக்கிள் கிளப்பின் வியாழக்கிழமைச் சவாரிக்கு யாரும் பளபளப்பாக வருவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் சவாரி அது. மெதுவாகப் போவோம். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் நின்று கடைசி ஆளுக்காகக் காத்திருப்போம். மதியம் ஏதாவது ஒரு பப்பில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இன்னும் மெதுவாகத் திரும்புவோம். சைக்கிள் என்பது பசி எடுப்பதற்காக நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்று என் மனைவி சொல்வாள். அவள் வருவதில்லை.

அந்தக் கடைசி ஆள் நான்தான். கூட்டத்தின் வாலில் போய், யாரும் பஞ்சராகி வழியில் தனியாக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. என் அப்பா டியூஸ்பரி சந்தையில் திரைச்சீலைத் துணி விற்றார். துணியைத் தடவும் விரலைப் பார்த்தே இந்த அம்மாள் வாங்குவாளா, மழைக்கு ஒதுங்கியிருக்கிறாளா என்று சொல்லிவிடுவார். எனக்கு வாய்த்தது முதுகு. பின்னாலேயே போய்ப் போய், முதுகைப் பார்த்தே ஆள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். அன்று கிளிஃபர்டுக்கு முதுகு வரை போக வேண்டியிருக்கவில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

விஷயம் இதுதான். கிளிஃபர்டும் அவன் மனைவி கிளெனிஸும் கல்யாணமான நாளிலிருந்து டாண்டம் ஓட்டுகிறவர்கள். ஒரே சைக்கிள், இரண்டு சீட், ஒன்றன்பின் ஒன்றாக. ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் முன் சீட்டுக்காரர் கையில். பின் சீட்டில் இருப்பவருக்கு மிதிப்பதும் நம்புவதும்தான் வேலை. ஒரு காலத்தில் அது அவர்களுக்கு ஆசைக்கு ஓட்டுவது. சில வருஷங்களாகக் கிளெனிஸுக்கு வேறு வழியே இல்லை. அவள் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்து, இப்போது ஓரங்கள் மட்டும்தான் தெரியும். எதிரே நிற்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. தனியாகச் சைக்கிள் ஓட்ட முடியாது. ஓட்டாமல் இருக்கவும் முடியாது.

போன இலையுதிர் காலத்தில் கிளிஃபர்டுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். முன் சீட் காலியானது. அந்த நேரம் பார்த்துக் கிளப்பில் சேர்ந்தவன் டெஸ்மண்ட். மனைவியை இழந்தவன். ஆட்டுச் சந்தையில் ஆயுசு முழுக்க ஏலம் கூறியவன். நல்ல உயரம், உயரத்துக்கேற்ற தொண்டை. "ஆள் இல்லேன்னா நான் ஓட்டுறேனே" என்றான். சோபாவில் படுத்தபடி கிளிஃபர்டே, "ரொம்ப உபகாரம்ப்பா" என்று சொன்னான். சந்தையில் இப்படித்தான் "கொஞ்ச நேரம் என் கடையைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், திரும்பி வரும்போது பெயர்ப்பலகை மாறியிருக்கக் காண்பார்கள். குளிர்காலம் முடிவதற்குள் டாண்டமே டெஸ்மண்ட் வீட்டுக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டது. அங்கே இடம் தாராளமாம்.

இப்போது மே மாதம். கிளிஃபர்ட் சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மணிக்கூண்டின் கீழே நாங்கள் ஒரு பத்துப் பேர் கூடியிருந்தோம். டெஸ்மண்ட் டாண்டத்தின் குறுக்கே காலைப் போட்டு நின்றான். கிளெனிஸ் பின் சீட்டில் ஏறிவிட்டாள். கிளிஃபர்ட் தன் ஒற்றைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"இறங்குப்பா டெஸ்மண்ட். நான்தான் வந்துட்டேனே."

"வாய்யா, வா! இடுப்பு எப்படி இருக்கு? புதுசா மாட்டினது கிரீச்சு கிரீச்சுன்னு கத்துதா?"

"அதெல்லாம் ஒண்ணும் கத்தல. இறங்கு."

"இறங்குறதுக்கு என்ன? ஆனா க்ராகன் மேடு இருக்கு பாரு வழியில. இத்தனை நாள் படுத்துக் கிடந்த மனுஷன், பின்னாடி ஒரு பொம்பளையையும் வச்சுக்கிட்டு..."

"அந்தப் பொம்பளை என் பொண்டாட்டி."

"அதனாலதான்யா சொல்றேன். பத்திரமா பார்த்துக்க வேண்டாமா?"

கிளிஃபர்டின் காது சிவந்தது. கிளெனிஸுக்குக் காது நன்றாகவே தெரியும்.

"ரெண்டு பேரும் போதும்" என்றாள் அவள். "கிடாக்குட்டிக்கு விலை பேசுற மாதிரி என் தலைக்கு மேல பேசிக்கிட்டு! கிளிஃபர்ட், நீ பப் வரைக்கும் உன் சைக்கிள்ல வா. மேடெல்லாம் ஏறிக் காட்டு. சாப்பிட்டப்புறம் யாரு முன்னாடின்னு நான் சொல்றேன்."

"இன்னிக்குத் திரும்பி வர்றதுக்கா?"

"இன்னிக்கும், இனிமேயும்."

நான் பிறந்து வளர்ந்த சந்தையில் இதைவிடத் தெளிவாக யாரும் கடை விரித்து நான் பார்த்ததில்லை. சரக்கு ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர், முடிவு சொல்லும் நேரம் அவள் கையில்.

"பெடல்!" என்றான் டெஸ்மண்ட். கிளெனிஸ் காலால் பெடலைப் பின்னுக்குச் சுழற்றி எங்கோ கொண்டு நிறுத்தினாள். இருவரும் ஒரே மூச்சில் கிளம்பினார்கள், எண்ணெய் போட்ட மேசை டிராயர் திறப்பதுபோல. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கிளிஃபர்ட் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மணி என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஊரைத் தாண்டியதும் கல் சுவர்களுக்கு நடுவே மெல்ல மேடேறும் குறுகிய சாலை. இரண்டு பக்கமும் முட்செடி வேலிகள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. டாண்டம் எங்களுக்கு முன்னால் போனது. டெஸ்மண்டின் குரல் வயல்களைத் தாண்டிப் போய் இடித்துத் திரும்பி வந்தது.

"இடது பக்கம் ஆடு, கிளெனிஸ்! கறுப்பு மூஞ்சி, ரெண்டு குட்டி. ஒண்ணு அம்மா முதுகு மேல ஏறி நிக்குது பாரு, ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலர் மாதிரி! கீழ நிக்கிற இன்னொண்ணு, எனக்குக் காதே கேக்காதுங்கிற மாதிரி மூஞ்சிய திருப்பிக்கிச்சு!"

கிளெனிஸ் சிரித்தாள். வாய் விட்டு, தோள் குலுங்க.

என் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கிளிஃபர்ட், "இதுல என்னடா சிரிப்பு?" என்றான்.

"ஆட்டு முதுகுல குட்டி ஏறி நிக்குதாம்."

"ஆடுன்னா குட்டி ஏறத்தான் செய்யும்."

"சரி. நீ எப்பவாவது அவகிட்டச் சொல்லியிருக்கியா, வழியில என்ன இருக்குன்னு?"

"அவளுக்குத்தான் கண்ணு இருந்துச்சே."

"போனப்புறம்?"

அவன் கியரை மாற்றினான். கிளிஃபர்ட் ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்தவன். அடுத்த கேபின்காரன் மணி அடித்தால் இவன் மணி அடித்துப் பதில் சொல்வான். அதிலேயே ஆயுள் கழிந்துவிட்டது. நல்லவன்தான். டாண்டம் ஓட்டும்போது தன் தொப்பி காற்றில் பறந்து போனால்கூட, வீட்டுக்கு வந்த பிறகு "தொப்பி போயிடுச்சு" என்பான்.

"அவன் அவளை அந்த மாதிரி மேட்டுல சிரிக்க வைக்கிறான் பாரு. மேட்டுல சிரிச்சா மூச்சு போயிடும். ஓட்டத் தெரிஞ்சவன் செய்யிற வேலையா அது?"

"சொல்லிப் பாரேன் அவன்கிட்ட."

"சொல்றேன் இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போனான்.

சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தான். எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால் ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் சமமாக இருக்க வேண்டும். ஒருவன் மட்டும் அரைச் சக்கரம் முன்னால் நீட்டிக்கொண்டே போனால், "உனக்கு இவ்வளவுதானா?" என்று கேட்பதாக அர்த்தம். பக்கத்தில் இருப்பவன் சமமாக வர வேகம் கூட்டுவான். இவன் மறுபடி அரைச் சக்கரம் போவான். வாயால் ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு மனிதனை இதைவிட நன்றாகத் திட்ட முடியாது. கிளிஃபர்ட் டாண்டத்தின் பக்கத்தில் போய் அரைச் சக்கரம் நீட்டினான்.

டெஸ்மண்டின் பேச்சு குறைந்தது. கால் வேகம் கூடியது. கிளிஃபர்டின் சக்கரமும் நீண்டது. பின்னால் வந்த எங்கள் கூட்டம் அறுந்த முத்துமாலைபோலச் சாலை நெடுகச் சிதறியது. "ஏய், இது வியாழக்கிழமைடா!" என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஊரில் அது கடுமையான கண்டனம்.

க்ராகன் மேடு வந்தது. மேட்டில் டாண்டம் என்பது பியானோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது மாதிரி. இரண்டு பேர் எடையும் சைக்கிள் எடையும் சேர்ந்து கீழே இழுக்கும். கிளிஃபர்ட் அவர்களை விட்டுப் பிரிந்து மேலே போனான். டாண்டத்தின் பின்னாலேயே நான் உச்சியை அடைந்தபோது அவன் சுவரில் சாய்ந்து, நேற்றிலிருந்தே அங்கே இருப்பவன்போல வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். முகம் மட்டும் பீட்ரூட் நிறம்.

"என்ன டெஸ்மண்ட், வழியில நின்னுட்டீங்களா?"

"காட்சி பார்த்துக்கிட்டு வந்தோம்யா" என்றான் டெஸ்மண்ட், மூச்சு வாங்க.

கிளெனிஸ் தண்ணீர் பாட்டிலைக் கிளிஃபர்ட் பக்கமாக நீட்டினாள். அவன் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் இடது பக்கத்தில் நீட்டினாள். அவன் நகர்ந்து போய் வாங்கிக் குடித்தான். வெற்றி என்றே நினைத்துவிட்டான், பாவம்.

இறக்கத்தில் கணக்கு தலைகீழ். அதே எடைதான் இப்போது கீழே தள்ளும். டாண்டம் ரயில் எஞ்சின் மாதிரி அவனைத் தாண்டிப் பறந்தது. கிளெனிஸின் வெள்ளை முடி காற்றில் நிற்க, "ஹோ...!" என்று அவள் போட்ட சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் சாலையில் மிச்சமிருந்தது. கிளிஃபர்ட் பிரேக்கைப் பிடித்தபடி, புது இடுப்பைப் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்கினான். டாண்டம் தாண்டிப் போனபோது நான் அவன் முதுகைப் பார்க்கவில்லை. சில முதுகுகளைப் பார்க்கக் கூடாது.

'கிழட்டுக் கிடா' பப்பில் எங்களுக்கென்று ஜன்னலோர நீள மேசை. சாப்பாட்டை முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும் என்பது வழக்கம். சமையலறையில் இருப்பது ஒரே அடுப்பு, ஒரே நோரீன். பப்பின் முதலாளியும் அவளே.

"வாங்க கண்ணுங்களா. சேற்று ஷூவோட கம்பளத்துல கால் வச்சவங்களுக்குச் சாப்பாடு கிடையாது" என்று வரவேற்றாள்.

கிளெனிஸின் ஒரு பக்கம் கிளிஃபர்ட், மறு பக்கம் டெஸ்மண்ட். எதிரே நான். நல்ல இடம். பியர் வந்தது. தட்டுகள் வந்தன. நோரீன் கிளெனிஸ் முன்னால் ஒரு தட்டை வைத்தாள், ஹாம், முட்டை, சிப்ஸ். திரும்பிப் போனவள் இன்னொன்றோடு வந்து அதையும் அவள் முன்னாலேயே வைத்தாள். ஈரலும் வெங்காயமும், மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு தளும்பத் தளும்ப.

"என்ன நோரீன், ரெண்டு?"

"என்னைக் கேக்காத கண்ணு. நேத்து ரெண்டு பேரு போன் பண்ணி உன் பேரைச் சொன்னாங்க. நல்ல பசியில வருவியாக்கும்னு நினைச்சேன்."

இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு உப்புக் குப்பியைப் பார்த்தார்கள்.

"ஹாம் முட்டை நான் சொன்னது" என்றான் கிளிஃபர்ட். "அவ எப்பவும் அதான் சாப்பிடுவா."

"ஈரல் நான் சொன்னேன்" என்றான் டெஸ்மண்ட். "இந்தக் குளிர்காலம் முழுக்க அதான் சாப்பிட்டா. கேட்டா சொல்லுவா."

"அவளுக்கு ஈரல் பிடிக்காது."

"பிடிக்காதுன்னு யாரு சொன்னது?" என்றாள் கிளெனிஸ். "உனக்குப் பிடிக்காது. ஈரல் வாசனை வந்தா ஜன்னலைத் திறக்கிற ஆளு நீ. அதனால வீட்டுல செய்யல. செய்யாததால கேக்கல."

ஹாம் தட்டைக் கையால் தடவி நகர்த்தி என் பக்கம் தள்ளினாள். "ரோட்னி, வீணாக்காத, சாப்பிடு." நான் சாப்பிட்டேன். கிளிஃபர்ட் என் முட்கரண்டியை முறைத்துப் பார்த்தான். ஆனாலும் சாப்பிட்டேன். வீணாக்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அவள் ஒவ்வொரு வாய் ஈரலாகச் சாப்பிடுவதைக் கிளிஃபர்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். மனைவியை வேறொருவன் கட்டிப்பிடித்திருந்தால்கூட அவன் அவ்வளவு வெளிறியிருக்க மாட்டான் என்று தோன்றியது. கட்டிப்பிடிப்பதை ஒரு அறை விட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ஈரலை என்ன செய்வது? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஊரான் ஒருவன் குளிர்காலத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

பாதியில் எழுந்து, "இதோ வரேன்" என்று வெளியே போனான். கழிப்பறை உள்ளே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் டாண்டத்தின் முன் சீட்டுக்குக் கீழே குனிந்து, திருகை நெகிழ்த்தி, சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தான். விலை படிவதற்கு முன்பே சரக்கைப் பைக்குள் போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேறு ஒருவர் பார்த்துவிடுவார்.

டெஸ்மண்ட் பார்த்துவிட்டான். கிளிஃபர்ட் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "கையில என்னய்யா கிரீஸ்?" என்றான். "சீட்டை இறக்கியாச்சா? அவ சொல்லி முடிச்சிட்டாளா என்ன?"

"என் சீட்டு. நான் இறக்குவேன், ஏத்துவேன்."

"உன் சீட்டா? கொட்டகையில வச்சு செயினுக்கு எண்ணெய் விட்டது யாரு? மழையில நனைஞ்சு அவளைக் கூட்டிட்டுப் போனது யாரு? ஒரு வியாழக்கிழமை நான் வராம இருந்திருக்கேனா?"

"நான் என்ன ஆசைப்பட்டா படுத்துக் கிடந்தேன்? எண்ணெய் விட்டானாம்! எண்ணெய் விட்டவனெல்லாம்..." என்று எழுந்துவிட்டான் கிளிஃபர்ட். புது இடுப்பு அவ்வளவு வேகத்துக்குத் தயாராக இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டான். பியர்க் குவளைகள் ஆடின.

"இங்க பாருங்க, கண்ணாடி உடைஞ்சா ரெண்டு பேரும் வெளிய!" என்று நோரீன் உள்ளிருந்து கத்தினாள்.

கிளெனிஸ் கடைசி வாய் குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். அவசரப்படவே இல்லை.

"முற்றத்துல ஒரு சுத்து" என்றாள். "கிளிஃபர்ட் முன்னாடி. விழாம சுத்தி வந்தா, இனிமே அவன்தான். விழுந்தா, டெஸ்மண்ட். அப்புறம் இதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

கிளிஃபர்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்க ஓட்டியவனிடம் ஒரு முற்றத்தைச் சுற்றி வா என்கிறாள். "இவ்வளவுதானா?" என்றான். கிளப் முழுக்கக் குவளையும் கையுமாக வெளியே வந்து சுவரோரம் நின்றது.

டாண்டம் கிளம்புவதில் ஒரு முறை இருக்கிறது. முன்னால் இருப்பவர் தரையில் காலூன்றி, பிரேக் பிடித்து வண்டியை நிறுத்திக்கொள்வார். பின்னால் இருப்பவர் சீட்டில் ஏறி, பெடலைச் சுழற்றி, முன்னவர் எந்தக் காலால் கிளம்புவாரோ அந்தக் காலுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்திக் கொடுப்பார். இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே சங்கிலியில் கட்டியவை. அவர் வைத்துக் கொடுத்த இடம்தான் இவருக்கு. பார்த்து வாங்க வேண்டியதில்லை. பழகிய ஜோடி பார்ப்பதும் இல்லை.

கிளிஃபர்ட் பார்க்கவில்லை. "போலாமா?" என்றான். "போலாம்" என்றாள் அவள். பிரேக்கை விட்டு, வலது காலைத் தூக்கி, எப்போதும் பெடல் இருக்கும் உயரத்தில் முழு எடையோடு மிதித்தான். அங்கே காற்று இருந்தது. பெடல் அந்தப் பக்கம், இடது காலருகே, மேலே நின்றுகொண்டிருந்தது. கிளிஃபர்ட் வலது பக்கமாகச் சாய்ந்து, வண்டி அவன் மேல் சாய்ந்து, கிளெனிஸ் வண்டி மேல் சாய்ந்து, மூவருமாக நோரீனின் பூத்தொட்டியில் போய் முடிந்தார்கள்.

நல்ல வேளை, அறுத்த இடுப்பு இடது. ஓடிப் போய்த் தூக்கினோம். கிளெனிஸ் உடம்பிலிருந்து மண்ணைத் தட்டினாள். கிளிஃபர்டின் முழங்கையில் ரத்தம். அதை அவன் கவனிக்கவில்லை.

"பெடலைத் தப்பா குடுத்துட்ட!"

"தப்பா இல்ல. இடது."

"நம்ம வலது கிளெனிஸ்! கல்யாணத்துலருந்து வலது!"

"அது நீ ஓட்டுனப்ப. குளிர்காலம் பூரா இடதுதான். என் கால் அதுக்குப் பழகிடுச்சு."

"அவன் காலுக்கா?"

யாரும் குவளையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சொந்த வீட்டு வாசலில் வேறொருவன் செருப்பைக் கண்டவன்போல அவன் டெஸ்மண்டின் கால்களைப் பார்த்தான். டெஸ்மண்ட் இடது காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அந்த ஒரு கணத்தில் மட்டும் எனக்கு டெஸ்மண்டைப் பிடித்திருந்தது.

அடுத்த கணமே அவன் முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். "அப்ப தீர்ந்துச்சு. வா கிளெனிஸ், ஏறு."

மறுமுனையைக் கிளிஃபர்ட் பிடித்திருந்தான். விடவில்லை. பிடித்தபடியே நின்றான். அவன் தாடை அசைந்தது. என் அப்பாவிடம் கடைசி விலை சொல்ல மனம் வராமல் நிற்பவர்களின் தாடை அப்படித்தான் அசையும்.

"எந்தக் கால்?" என்றான், கிளெனிஸைப் பார்த்து.

"என்ன?"

"எந்தக் கால்னு கேட்டேன். உனக்கு எது வேணும்?"

கிளெனிஸ் தலையைத் திருப்பினாள். ஓரக்கண்ணால் மட்டுமே பார்க்கத் தெரிந்தவள் என்பதால், அவள் உற்றுப் பார்த்தால் வேறெங்கோ பார்ப்பதுபோல இருக்கும். பூத்தொட்டியைப் பார்ப்பவள்போல அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"இடது."

"எனக்கு இடது வராதே."

"அப்ப வலதுக்காரி யாரையாவது தேடிக்க."

சுவரோரம் யாரோ பியரைத் துப்பினார்கள். கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. மருந்து குடிக்கும் முகத்தோடு சைக்கிளின் குறுக்கே காலைப் போட்டான். வலது காலைத் தரையில் ஊன்றினான். இடது காலைக் கையால் தூக்கி வைப்பவன்போலப் பெடல் மேல் வைத்தான்.

"ஏறு."

"கிளெனிஸ், விழுந்தா நான்தான்னு நீதானே சொன்ன?" என்றான் டெஸ்மண்ட். அவன் குரலில் முதல்முறையாக ஏலக்காரன் இல்லை.

"சொன்னேன். ஏலத்துல சுத்தியல் விழுற வரைக்கும் விலை மாறலாம்னு நீதான டெஸ்மண்ட் எனக்குச் சொல்லிக் குடுத்த?" என்றபடி அவள் பின் சீட்டைத் தடவிப் பிடித்து ஏறினாள்.

முதல் சுற்றில் குடிகாரன்போல ஆடினார்கள். ஒரு தரம் சுவரை உரசினார்கள். இரண்டாம் சுற்றில் ஆட்டம் குறைந்தது. மூன்றாம் சுற்றில் வாசல் கதவு வந்தபோது, "திரும்பு, வீட்டுக்குப் போலாம்" என்றாள் கிளெனிஸ். கிளிஃபர்ட் திரும்பினான். டெஸ்மண்டை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எங்களுக்கு நன்றாக வரும்.

மிச்சமிருந்தது கிளிஃபர்டின் ஒற்றைச் சைக்கிள். டெஸ்மண்ட் அதில்தான் திரும்ப வேண்டும். அவன் உயரத்துக்கு சீட் ரொம்பத் தாழ்வு. மிதிக்கும்போது முழங்கால்கள் காதுவரை வந்து போயின. என் பையில் திருகுச் சாவி இருந்தது. அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னோடு கடைசியில் வந்தான்.

முன்னால் கிளிஃபர்ட், வெகுநேரம் யோசித்திருப்பான்போல, திடீரென்று "ஆடு" என்று கத்தினான்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"வலது."

"எத்தனை?"

"நிறைய."

"நிறையவாம்!" என்று டெஸ்மண்ட் என்னிடம் பொருமினான். "சுவேல்டேல் ஜாதி ஆடு அது, அம்புட்டும் முதல் ஈத்து. கொம்பைப் பாரு! நிறையன்னா என்ன அர்த்தம்? இதைக் கேட்டுக்கிட்டு எப்படி உட்கார்ந்திருக்கா அவ?"

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். முதுகைப் பார்த்தேன். அவசரம் எதுவும் இல்லாத முதுகு.

பெரிய சாலை குறுக்கே வரும் இடத்தில் லாரி ஒன்றுக்காக எல்லோரும் நின்றோம். லாரி போனது. டாண்டம் கிளம்பவில்லை. கிளிஃபர்ட் பழக்கதோஷத்தில் இடது காலை ஊன்றி, வலது காலை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, பெடலுக்காகக் காத்திருந்தான். கிளெனிஸ் வலது பெடலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அரைச் சுற்று சுழற்றினால் போதும். அவள் கையைக் கட்டிக்கொண்டு, முள்வேலிப் பூக்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்து பார்த்தான். காலை மாற்றினான். இடதால் மிதித்துக் கிளம்பினான்.

டெஸ்மண்டின் முகத்தில் அன்று மதியத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"பார்த்தியா ரோட்னி? அது என் கால்."

"அவ கால்டா" என்றேன்.

அவன் முழங்கால்களை அகட்டிக்கொண்டு, என்னைவிட அரைச் சக்கரம் முன்னால் போக ஆரம்பித்தான். நான் போகவிட்டேன்.